மூச்சுக்குழாயின் காவலர் டாக்டர் செவாலியே ஜாக்சன்



செவாலியே என்றதும் நமக்கெல்லாம் நடிகர் திலகம் சிவாஜி கணேசன்தான் ஞாபகத்துக்கு வருவார். அது 1995-இல் பிரெஞ்சு அரசு அவருக்கு அளித்த பட்டம். ஆனால் அந்தச் சொல்லையே பெயராக வைத்துக்கொண்டு பிறந்த ஒருவர் அமெரிக்காவில் வாழ்ந்தார். அவர் டாக்டர் செவாலியே ஜாக்சன். குழந்தைகளின் தொண்டையிலும் மூச்சுக்குழாயிலும் மாட்டிக்கொண்ட பொருள்களைக் கழுத்தையோ மார்பையோ அறுக்காமல், வாய் வழியாகவே எடுத்துக் காட்டியவர். எடுத்தால் மட்டும் போதாது, எடுத்த பிறகு குழந்தையைக் கண்ணுக்குள் வைத்துக் காக்க வேண்டும் என்று மருத்துவ உலகுக்கே பாடம் நடத்தியவர்.

மெக்கானிகல் படிக்கிற நமக்கு டாக்டர் கதை எதற்கு என்று சிலர் கேட்கலாம். இவர் பாதி டாக்டர், பாதி ஃபிட்டர்! தனக்கு வேண்டிய கருவியைத் தானே வரைந்து, தானே பட்டறையில் உட்கார்ந்து செய்து பார்த்தவர். அதனால்தான் இவரைப் பற்றி நம் ஆண்டு மலரில் எழுதத் துணிந்தேன்.

இளமையில் வறுமை

1865-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் தேதி அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் பிறந்தார் ஜாக்சன். நிலக்கரிச் சுரங்கங்களும் இரும்பாலைகளும் கண்ணாடித் தொழிற்சாலைகளும் நிறைந்த ஊர் அது. குடும்பத்தில் பணக் கஷ்டம். பையன் ஒல்லி, சாது. சண்டைக்குப் போகமாட்டான். அப்படிப்பட்ட பையன் மற்ற முரட்டுப் பையன்களிடம் என்ன பாடுபடுவான் என்று சொல்லவே வேண்டாம். ஒருமுறை கண்ணைக் கட்டி, கைவிடப்பட்ட ஒரு நிலக்கரிக் குழிக்குள் தள்ளிவிட்டுப் போய்விட்டார்கள். மயங்கிக் கிடந்தவனை ஒரு சுரங்கத் தொழிலாளியின் நாய்தான் கண்டுபிடித்தது. இருட்டுக்குள் மூச்சுமுட்டிக் கிடப்பது எப்படி இருக்கும் என்பதை அவர் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

சின்ன வயதிலேயே உளியும் ரம்பமும் அவர் கைக்குப் பழகிவிட்டன. மரத்தில் எதையாவது செதுக்கிக்கொண்டே இருப்பார். ஓவியமும் நன்றாக வரும். மருத்துவக் கல்லூரிக்குப் பணம் வேண்டுமே? கண்ணாடி, பீங்கான் பாத்திரங்களில் பூ வேலைப்பாடு தீட்டிக் கொடுத்து, அந்தக் கூலியில்தான் படித்தார். பகுதி நேர வேலை பார்த்துக்கொண்டே டிப்ளமோ படிக்கும் நம் நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 1886-இல் பிலடெல்பியாவின் ஜெஃபர்சன் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். அப்போது அவருக்கு வயது 21 கூட நிறையவில்லை.

பிறகு லண்டன் போய், தொண்டை நோய் சிகிச்சையில் அன்று பெரும் புகழ் பெற்றிருந்த மோரல் மெக்கன்சியைச் சந்தித்தார். தொண்டைக்குள் பார்ப்பதற்கு அங்கே ஒரு கருவி இருந்தது. அதை இன்னும் நன்றாகச் செய்யலாமே என்ற எண்ணம் அவர் மனதில் ஒட்டிக்கொண்டது.

கருவி செய்த கை

ஊர் திரும்பி டாக்டராகத் தொழில் தொடங்கியவர், 1890-இல் உணவுக்குழாய்க்குள் பார்க்கும் ஒரு கருவியைத் தானே செய்தார். பெரியவர் ஒருவரின் தொண்டையில் சிக்கிய பல் செட்டையும், ஒரு குழந்தை விழுங்கிய காசையும் அதைக் கொண்டு எடுத்தார். செய்தி பரவியது. மற்ற டாக்டர்களும் கருவியை வாங்கிப் போனார்கள். ஆனால் நடந்தது என்ன? பயிற்சி இல்லாத கைகளில் அது ஆயுதமாகிவிட்டது. நோயாளிகளுக்குக் காயம், சில இடங்களில் உயிர்ச் சேதம். ஜாக்சன் மனம் நொந்து, அந்தக் கருவியை மற்றவர்களுக்குக் காட்டுவதையே சில காலம் நிறுத்திவிட்டார். கருவியைக் கொடுத்தால் போதாது, கையையும் பழக்க வேண்டும் என்று அன்றைக்கு அவருக்கு உறைத்தது.

1897-இல் ஜெர்மனியில் குஸ்டாவ் கில்லியன் என்பவர், மூச்சுக் கிளைக்குழாயில் சிக்கிய எலும்புத் துண்டை ஒரு நேர்க் குழாய் வழியாக எடுத்துக் காட்டினார். அந்த வழியை ஜாக்சன் மேலும் செப்பனிட்டார். அதுவரை வெளிச்சம் வெளியிலிருந்துதான் குழாய்க்குள் போகும். கிணற்றுக்குள் மேலிருந்து டார்ச் அடிப்பது போலத்தான். ஜாக்சன் ஒரு குட்டி மின் விளக்கைக் குழாயின் அடி நுனியிலேயே பொருத்தினார். சளியை உறிஞ்ச தனியாக ஒரு சிறு வழியும் வைத்தார். இதெல்லாம் 1904-ஐ ஒட்டிய ஆண்டுகளில். இன்றைய வளையாத உலோக பிராங்கோஸ்கோப்பின் அடிப்படை அதுதான்.

அவர் வேலை செய்த முறையைக் கேட்டால் நம் ஒர்க்ஷாப் மாஸ்டர் சந்தோஷப்படுவார். குழந்தை ஒரு ஊக்கை விழுங்கிவிட்டது என்றால், முதலில் அதே மாதிரி இன்னொரு ஊக்கைக் கொண்டுவரச் சொல்வார். அதை ஒரு ரப்பர் குழாய்க்குள் போட்டு, எந்தக் கவ்வியால் பிடித்தால் நழுவாது, எந்தப் பக்கம் திருப்பினால் கிழிக்காது என்று திரும்பத் திரும்பப் பழகிப் பார்ப்பார். வாய் திறந்த ஊக்கு என்றால், உள்ளேயே மூடி எடுக்கத் தனி உத்தி. இருக்கிற கவ்வி ஒத்துவராவிட்டால் புதுசாக ஒன்று வடிவமைப்பார். இத்தனை கருவிகளில் ஒன்றுக்குக்கூட அவர் காப்புரிமை வாங்கவில்லை. யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். ஏழைகளுக்கு இலவச சிகிச்சை.

இடது கை, வலது கை இரண்டாலும் ஒரே மாதிரி வேலை செய்வார். வகுப்பில் கரும்பலகை முன் நின்று இரு கைகளிலும் கலர் சாக்பீஸ் பிடித்துப் படம் வரைவதைப் பார்க்கவே கூட்டம் கூடுமாம்.

புளியங்கொட்டையும் நிலக்கடலையும்

இந்தக் கதையில் நமக்கு என்ன சம்பந்தம் என்பதற்கு இப்போது வருகிறேன். நம் காரிமங்கலம் பக்கம் மாசி, பங்குனி வந்தால் திண்ணைக்குத் திண்ணை புளி தட்டுவார்கள். ஓடு ஒரு பக்கம், கொட்டை ஒரு பக்கம் குவிந்து கிடக்கும். தை பிறந்தால் வேர்க்கடலை. இரண்டும் நம் ஊருக்குச் சோறு போடுபவை. இரண்டும் தவழும் குழந்தைக்கு எமன்.

போன வருஷம் என் அக்கா மகன், இரண்டு வயது, புளியங்கொட்டையை வாயில் போட்டுக்கொண்டு ஓடி விழுந்தான். ஒரே இருமல். அப்புறம் இருமல் நின்றது, மூச்சில் விசில் மாதிரி சத்தம். தருமபுரிக்கு, அங்கிருந்து வேறு பெரிய ஊருக்கு என்று கொண்டுபோய், டாக்டர்கள் கொட்டையை எடுத்துவிட்டார்கள். அக்கா உடனே குழந்தையைத் தூக்கிக் கொடுப்பார்கள் என்று நின்றாள். கொடுக்கவில்லை. குழாய் உரசியதிலும் கொட்டை ஊறியதிலும் உள்ளே வீக்கம், அதனால் மூன்று நாள் ட்யூப் வைத்து ஐ.சி.யூ.வில் வைக்க வேண்டும் என்றார்கள். கொட்டைதான் வந்துடுச்சே, இன்னும் எதுக்கு என்று அக்கா கேட்ட கேள்விக்கு எனக்கும் பதில் தெரியவில்லை. அங்கிருந்த டாக்டர் ஒருவர் பொறுமையாக விளக்கினார். ஜாக்சன் என்ற பெயரை முதன்முதலில் கேட்டது அவரிடம்தான்.

வேர்க்கடலையைப் பற்றி ஜாக்சன் அன்றே எச்சரித்திருந்தார். கடலையிலுள்ள எண்ணெய் மூச்சுக்குழாயை வெகுவாகப் புண்ணாக்கும், காசு மாட்டினால் வருவதைவிட வேகமாகக் குழந்தைக்குக் காய்ச்சலும் சீழும் வரும் என்று கண்டு, அதற்கென்று தனியாக ஒரு நோய்ப் பெயரே வைத்தார். பல் முளைத்து மெல்லத் தெரியாத குழந்தைக்குக் கடலை கொடுக்காதீர்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

வீக்கம் என்றால் எவ்வளவு? ஒரு மில்லிமீட்டர் வீங்கினால் என்ன குடி முழுகிவிடும்? நாம் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் படித்தவர்கள், போட்டுப் பார்த்துவிடலாம்.

கைக்குழந்தையின் மூச்சுக்குழாய் குறுகிய இடத்தில் சுமார் 4 மி.மீ. விட்டம் என்று வையுங்கள். சுற்றிலும் 1 மி.மீ. வீங்கினால் மீதி 2 மி.மீ. பரப்பளவில் நான்கில் மூன்று பங்கு போய்விட்டது. சீரான ஓட்டத்தில் குழாயின் தடை, ஆரத்தின் நான்காம் அடுக்குக்குத் தலைகீழ் விகிதம் என்று ஹேகன்–பாய்சல் சூத்திரம் சொல்கிறது. ஆரம் பாதியானால் தடை 16 மடங்கு! அதே 1 மி.மீ. வீக்கம் 8 மி.மீ. குழாய் உள்ள பெரியவருக்கு வந்தால் தடை சுமார் 3 மடங்குதான். பெரியவருக்குத் தொண்டை கட்டிக்கொள்கிற சமாச்சாரம், குழந்தைக்கு உயிர்ப் போராட்டம். பரீட்சைக்காக மனப்பாடம் செய்த சூத்திரம் இது. ஐ.சி.யூ. வாசலில்தான் எனக்கு அது அர்த்தமானது.

வேலை முடிந்த பிறகுதான் வேலை

அந்தக் காலத்தில் டிப்தீரியா என்கிற தொண்டை அடைப்பான் நோயில் குழந்தைகள் மூச்சடைத்துச் சாவார்கள். கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைக்கும் ட்ரக்கியாஸ்டமிதான் கடைசி வழி. அவசரத்தில் பல டாக்டர்கள் துளையை மேலே, குரல்வளையை ஒட்டிப் போட்டுவிடுவார்கள். அங்கே கிரிகாய்டு என்று மோதிரம் போல முழு வட்டமாக ஒரு குருத்தெலும்பு இருக்கிறது. அதில் புண் பட்டால் தழும்பு உள்பக்கமாக வளர்ந்து வழியையே அடைத்துவிடும். குழந்தை பிழைக்கும், ஆனால் ஆயுள் முழுக்கக் கழுத்துக் குழாயோடுதான் வாழ வேண்டும். இப்படித் தழும்பால் அடைபட்டுத் தன்னிடம் வந்த 200 பேரின் கதையை ஆராய்ந்து, பெரும்பாலானவர்களுக்குக் காரணம் துளையை மேலே போட்டதுதான் என்று 1921-இல் எழுதினார் ஜாக்சன். துளையை எந்த இடத்தில், எப்படி, எவ்வளவு நிதானமாகப் போட வேண்டும் என்று அவர் வகுத்த பிறகு சாவும் குறைந்தது, அடைப்பும் குறைந்தது.

அதைவிட முக்கியம், பின் கவனிப்பு. கழுத்தில் குழாய் வைத்த குழந்தை அழுதால் சத்தம் வராது. காற்று குரல்வளைக்குப் போகாமல் குழாய் வழியே போய்விடுகிறதே! அம்மா என்று கூப்பிட முடியாத குழந்தை அது. குழாய் அடைத்துக்கொண்டால் சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். ஆகவே இரவும் பகலும் கட்டிலருகே பழகிய நர்ஸ் ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்றார் ஜாக்சன். அதே அளவில் மாற்றுக் குழாய், கத்தரிக்கோல், கவ்வி, துளையை விரித்துப் பிடிக்கும் கருவி எல்லாம் ஒரு தட்டில் கைக்கெட்டும் தூரத்தில் தயாராக இருக்க வேண்டும். அலமாரியில் பூட்டி வைத்துச் சாவியைத் தேடக்கூடாது.

அவர் பெயரால் வழங்கும் ஜாக்சன் ட்யூபைப் பாருங்கள். வெளிக்குழாய் ஒன்று, அதற்குள் நுழையும் உள்குழாய் ஒன்று. சளி படிந்தால் உள்குழாயை மட்டும் உருவிக் கழுவித் திரும்பப் போடலாம். வெளிக்குழாய் அப்படியே இருப்பதால் வழி மூடாது. எவ்வளவு எளிய டிசைன்! இன்றும் நம் நாட்டு ஆஸ்பத்திரிகளில் இந்த உலோகக் குழாயைப் பார்க்கலாம்.

இருமலை அவர் நுரையீரலின் காவல்காரனாக மதித்தார். அதைத் தூங்கவைக்கும் அபின் வகை மருந்துகளைக் கொடுக்கவே கூடாது என்றார். இன்று நிலைமை வேறு. மூச்சைப் பார்த்துக்கொள்ள இயந்திரம் இருப்பதால் குழந்தையை மயக்கத்தில் வைத்தே காக்கிறார்கள். அவர் சொன்ன மருந்து விதி மாறிவிட்டது, ஆள் காவல் விதி மட்டும் மாறவே இல்லை.

ஒரு சிறுமியும் ஒரு சட்டமும்

அந்த நாளில் அமெரிக்க வீடுகளில் துணி வெளுக்கவும் சோப்பு செய்யவும் காஸ்டிக் சோடா வைத்திருப்பார்கள். பார்க்கச் சர்க்கரை மாதிரி இருக்கும். குழந்தைகள் எடுத்துத் தின்று, உணவுக்குழாய் வெந்து சுருங்கிவிடும். அப்படி ஒரு ஏழைச் சிறுமி, தண்ணீர்கூட இறங்காத நிலையில் ஜாக்சனிடம் வந்தாள். அவர் குழாய் விட்டு, அடைத்துக் கிடந்ததை எடுத்தார். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார்கள். புரையேறும் என்று பயந்து பயந்து ஒரு மடக்குக் குடித்தாள். இறங்கியது! இன்னொரு மடக்கு. பிறகு டம்ளரை ஒதுக்கிவிட்டு டாக்டரின் கையைப் பிடித்து முத்தமிட்டாள்.

இத்தோடு அவர் நிற்கவில்லை. நோயாளி வந்துகொண்டே இருக்க, நாம் எடுத்துக்கொண்டே இருப்பதா, வராமலே தடுப்பதா என்று யோசித்தார். அந்த டப்பாக்களில் விஷம் என்று பெரிதாக அச்சிட வேண்டும் எனச் சட்டம் கேட்டு, உற்பத்தியாளர்களின் எதிர்ப்பையும் மீறிப் பல வருஷம் அலைந்தார். 1927-இல் அமெரிக்க மத்திய அரசு அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது. கூச்ச சுபாவம் உள்ள, கூட்டத்தில் பேசவே தயங்கும் மனிதர் செய்த காரியம் இது!

நடுவில் அவருக்கே 1911-இல் காசநோய். படுத்த படுக்கையிலும் சும்மா இருக்கவில்லை, தன் அனுபவத்தைப் பெரிய பாடப் புத்தகமாக எழுதினார். 1916-இல் பிலடெல்பியாவுக்குக் குடிபெயர்ந்து, அங்கே ஐந்து மருத்துவக் கல்வி நிலையங்களில் கற்பித்தார். பெண்கள் டாக்டராவதை ஆதரித்து, 1935 முதல் 1941 வரை பிலடெல்பியா பெண்கள் மருத்துவக் கல்லூரியின் தலைவராகவும் இருந்தார். 1958-இல், 92-ஆம் வயதில் காலமானார். நோயாளிகளிடமிருந்து எடுக்கப்பட்ட 2,374 பொருள்கள் பிலடெல்பியாவின் மியூட்டர் அருங்காட்சியகத்தில் இழுப்பறை இழுப்பறையாக இன்றும் இருக்கின்றன. ஊக்கு, பொத்தான், ஆணி, கடலை, பூட்டு, பொம்மை பைனாகுலர் என்று எல்லாம். பள்ளிக்குத் தவறாமல் வந்ததற்காகக் கொடுத்த ஒரு பேட்ஜ்கூட அதில் உண்டு!

அவருக்குப் பின்

1952-இல் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் போலியோ பரவியது. மூச்சுத் தசை செயலிழந்தவர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். இயந்திரங்களோ விரல்விட்டு எண்ணும் அளவுதான். பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருந்து நிபுணர், கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைத்து, ரப்பர் பையைக் கையால் அமுக்கிக் காற்று கொடுக்கலாம் என்று காட்டினார். யார் அமுக்குவது? சுமார் 1500 மாணவர்கள் முறை வைத்து ராப்பகலாக வாரக்கணக்கில் அமுக்கினார்கள். நம் வயசுப் பையன்கள், பெண்கள்! சாவு பாதிக்கும் கீழே இறங்கியது. ஐ.சி.யூ. என்ற ஏற்பாடு அங்கிருந்துதான் வளர்ந்தது.

1960-களில் பச்சிளங்குழந்தைகளுக்கும் வாரக்கணக்கில் மூச்சுக் குழாய் வைத்துக் காப்பாற்றத் தொடங்கினார்கள். பிழைத்த சில குழந்தைகளுக்கு, அதே கிரிகாய்டு வளையத்தில் தழும்பு விழுந்து வழி அடைத்தது. 1970-களில் ராபின் காட்டன் போன்ற அறுவை நிபுணர்கள், குழந்தையின் விலா எலும்புக் குருத்திலிருந்தே ஒரு சிறு துண்டு எடுத்து, அடைபட்ட இடத்தைப் பிளந்து, நடுவில் ஆப்பு போல வைத்துத் தைத்து வழியை அகலமாக்கினார்கள்.

அந்த அறுவை முடிந்ததும் குழந்தை நேராக ஐ.சி.யூ.வுக்குத்தான் போகிறது. ஒட்டுப் போட்ட இடம் கூடும் வரை, பல நாள், உள்ளே இருக்கும் ட்யூபே தூணாகத் தாங்க வேண்டும். குழந்தை தலையை வேகமாகத் திருப்பி அது நழுவினால் ஆபத்து. அதற்காக மயக்கம் கொடுக்க வேண்டும். அதிகமானால், நிறுத்தும்போது குழந்தை நடுங்கித் தவிக்கும். ஆகவே படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். காற்றில் ஈரப்பதம் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் சளி காய்ந்து ட்யூபை அடைக்கும். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவை நொடிக்கு நொடி பார்க்க வேண்டும். வீக்கம் குறைய மருந்து கொடுத்து, குழாயைச் சுற்றிக் காற்று கசிகிறதா என்று கவனித்து, நாள் பார்த்து எடுக்க வேண்டும். கட்டிலருகே மாற்றுக் குழாய்த் தட்டு, ஜாக்சன் சொன்ன மாதிரியே, இன்றும் இருக்கிறது.

நாம் செய்ய வேண்டியது

நண்பர்களே, புளி தட்டும் இடத்தில் குழந்தையை விளையாட விடாதீர்கள். சின்னக் குழந்தைக்கு முழுக் கடலை கொடுக்க வேண்டாம். ஆசிட்டையும் பினாயிலையும் பழைய கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றி வைக்கவே வேண்டாம். ஏதாவது சிக்கினால், குழந்தை நன்றாக இருமுகிற வரை இருமவிடுங்கள். பொருள் கண்ணுக்குத் தெரியாமல் விரலை விட்டுத் தோண்டாதீர்கள், இன்னும் உள்ளே போய்விடும். இரும முடியாமல் திணறினால், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையைத் தலை தாழ்வாக முன்கையில் குப்புறப் போட்டு, முதுகில் 5 தட்டு, திருப்பி மார்பின் நடுவில் 5 அழுத்து என்று மாற்றி மாற்றிச் செய்யுங்கள். கூடவே ஒருவர் 108-ஐக் கூப்பிடட்டும். இருமல் நின்றாலும் மூச்சில் சத்தம் இருந்தால், சரியாப் போச்சு என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

நாளை நாம் ஏதோ ஒரு கம்பெனியில் வால்வோ, பம்போ, ஒருவேளை வென்டிலேட்டரோகூடச் செய்யப்போகிறோம். டிராயிங்கில் ஒரு மில்லிமீட்டர்தானே என்று டாலரன்ஸை விட்டுக்கொடுக்கத் தோன்றும்போது, நான்காம் அடுக்குக் கணக்கை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள். மெஷினை ஓட்டிக் காட்டிவிட்டு வந்துவிடாமல், அதைப் பார்த்துக்கொள்ளப் போகிறவருக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டு வாருங்கள்.



— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை